எலி கடித்த சிவப்பு அட்டை

2024 ஜனவரி 7, ஞாயிறு

இன்று எனக்கு எழுபத்தெட்டு வயது, நான்கு மாதம், பதினோரு நாள். இதை எழுதி வைக்கக் காரணம் உண்டு. பனந்துறையில் என் வயதை ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். சென்ற வாரம் பங்குச் சாமியார் பீடத்தில் நின்றே என்னை எண்பத்தைந்தாக்கிவிட்டார்.

பிள்ளைகள் படம் வரையும் பெரிய ஏடு ஒன்றும் தடித்த கறுப்புப் பேனா ஒன்றும் வாங்கி வரச் சொன்னேன். வீட்டு வேலைக்கு வரும் வியாகுலம் வாங்கி வந்தாள். கோடு போட்ட தாள் எனக்குச் சலித்துவிட்டது; முப்பத்தாறு ஆண்டுகள் நாகர்கோவில் கல்லூரியில் தாவரவியல் கற்பித்து, விடைத்தாள் கோடுகளிலேயே ஆயுளைக் கழித்தவள் நான். எழுதியதைத் திரும்பப் படிக்கும் எண்ணமில்லை. அது தற்பெருமைக்காரர்களின் பழக்கம். கை எழுத்தை மறந்துவிடக் கூடாது என்பதே நோக்கம்.

மாலையில் மைதானம். வடக்கு மூலைக் கொடிக்கருகே என் நாற்காலி. வாரத்தில் நான் வாசற்படி இறங்குவது திருப்பலிக்கும் இதற்கும் மட்டுமே. எங்கள் ஊர் அணி தாரகை இரண்டு கோல், எதிரணி ஒன்று. கோல்காவலன் ஷாஜினின் தொண்டை இன்று நன்றாக வேலை செய்தது. அவன் கத்தினால் தற்காப்பு ஒழுங்காகிறது. அவன் மௌனமானால் நம்மவர்கள் சந்தைக்கு வந்தவர்கள்போல் நிற்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் இடது தற்காப்பு ஜெனிஷை அழைத்தேன்.

“இடது கால் பிந்துது. எங்க இடிச்சே?”

“வள்ளத்துல டீச்சர். ஒருத்தருக்கும் சொல்லலியே! லேய், டீச்சருக்குக் கழுகுக் கண்ணு கேட்டியளா.”

கழுகைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும்.

ஜனவரி 14, ஞாயிறு

கில்தாஸ் வந்தார். கழகச் செயலாளர், அறுபது வயது, இரண்டு விசைப்படகு, ஒரே ஒரு கருத்து. காலடி ஓசை படியேறும் முன்பே குரல் ஏறிவிட்டது.

“டீச்சர், கேட்டியளா விசேஷம்? நம்ம கிளப்ப விலைக்குக் கேக்கானுவ.”

தாரகை கால்பந்துக் கழகம் ஒன்பது வீடுகளின் சொத்து. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒன்பது பேர் தொடங்கினார்கள். என் தந்தை அவர்களில் ஒருவர். அவர் வாரிசென்று நான் ஒருத்தி மட்டுமே இங்கே எஞ்சியதால் எங்கள் வீட்டின் அட்டைகள் என்னிடம் உள்ளன. அட்டை என்பது நடுவரின் அட்டை. தொடக்க காலத்தில் கையைத் தூக்கித்தான் முடிவெடுத்தார்களாம். ஒருவர் காதைச் சொறியக் கை தூக்கினார் என்றும், இல்லை, சம்மதம் தெரிவித்தார் என்றும் அடிதடியாகி, மண்டை உடைந்து, அதன்பின் நடுவராக இருந்த முதல் செயலாளர் இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தார். மஞ்சள் என்றால் ஆட்டம் தொடரட்டும், அதாவது சம்மதம். சிவப்பு என்றால் வெளியே போ, அதாவது மறுப்பு. இன்னொரு விதியும் உண்டு: நடுவர் தம் தீர்ப்பை ஆட்டம் மறுபடி தொடங்கும்வரை மாற்றலாம். அதுபோல ஒரு வீடு தன் அட்டையை, அதன்பின் மைதானத்தில் நடக்கும் முதல் ஆட்டத்தின் விசில் ஊதும்வரை திரும்பப் பெறலாம். ஆனால் காரணத்தை எல்லோர் முன்னிலையிலும் சொல்லியாக வேண்டும்.

“சிலுவெஸ்தர் வீடு அவனுவ பக்கம். நாலு வீடு அங்க, நாலு வீடு இங்க. இனி உங்க அட்டதான் டீச்சர்.”

“அதற்காகத்தான் இந்த வாழைக்குலையா?”

“அது... தோட்டத்துல வெட்டுனது.”

கில்தாசுக்குத் தோட்டம் கிடையாது.

ஜனவரி 16

செய்தித்தாளை நிறுத்திவிட்டேன். அதில் படிக்கத் தகுந்தது எதுவுமில்லை.

ஜனவரி 21, ஞாயிறு

புதிய உரிமையாளராக விரும்புகிறவர் வந்தார். நிரஞ்சன். சென்னை, இடையில் சிங்கப்பூர். குரலுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். விலையுயர்ந்த நறுமணத் தைலம். எலுமிச்சை இனத்தைச் சேர்ந்தது. காலணியை வாசலிலேயே கழற்றினார் என்பதைக் குறித்துக்கொண்டேன். கெட்டிக்காரர்.

“மேடம், நாங்க கிளப்ப அழிக்க வரல. வளர்க்க வர்றோம். ரெண்டாவது டிவிஷன்ல பதினாறு வருஷமா இருக்கீங்க. அஞ்சு வருஷத்துல தேசிய லீக். நாலு பசங்களுக்கு உடனே சம்பளத்தோட ஒப்பந்தம்.”

“எங்கே விளையாடுவார்கள்?”

“ஹோம் கிரவுண்ட் சென்னையில. லீக் விதிப்படி கேலரி வேணும், ஃப்ளட்லைட் வேணும். இங்க அகாடமி இருக்கும், மேடம். சின்னப் பசங்களுக்கு.”

“பெயர்?”

“குமரி ஷார்க்ஸ்.”

சமையலறையில் பாத்திரம் விழுந்தது. வியாகுலம் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: “ஷார்க்குன்னா சுறாதானே சார்? நாங்க சுறாவப் பிடிச்சுத் திங்கிற ஆளுவ. எங்க பிள்ளியளப் போய் சுறான்னு சொன்னா எப்பிடி?”

மனிதர் சிரித்தார். உண்மையான சிரிப்பு. இவர் அயோக்கியராக இருந்திருந்தால் எனக்கு வேலை எளிதாக இருந்திருக்கும். அயோக்கியர் அல்லர். எதிர்ப்பட்டதையெல்லாம் பெரிதாக்க ஆசைப்படுகிற மனிதர். அப்படிப்பட்ட ஒரு கல்லூரி முதல்வரின் கீழ் ஆறு ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன்.

தம் கைப்பேசியில் புதிய சட்டையின் படத்தைக் காட்டினார். “எப்படி மேடம்?” என்றார். என் தந்தை காலத்துச் சட்டையில் இருந்த அளவுக்குக்கூட இதில் அடக்கம் இல்லை என்றேன். ஒப்புக்கொண்டார்.

அவர் போன பின், ஆள் எப்படி, அழகா என்று வியாகுலம் கேட்டாள். முகத்தைக் கொண்டு ஆளை மதிப்பிடும் வயதைக் கடந்துவிட்டேன் என்றேன். அவள் தட்டை வைத்து, “சோறு உங்க பக்கம், கூட்டு வலது கைப் பக்கம், மீனுக்கு முள்ளு எடுத்தாச்சு” என்றாள். தினமும் இப்படி அறிவிக்கிறாள். தனக்குத்தானே பேசும் பழக்கம் என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி 28

பெங்களூரிலிருந்து லெஸ்லி அழைத்தான். என் அண்ணன் மகன். எனக்கு எஞ்சியுள்ள ஒரே உறவு, ஆகையால் ஒரே அதிகாரி.

“அத்தை, கோயம்புத்தூர்ல ஒரு இடம் பாத்து வச்சிருக்கேன். முதியோர் இல்லம்னு சொல்லாதீங்க, அப்பார்ட்மென்ட் மாதிரி. நர்ஸ் இருப்பாங்க.”

“எனக்கு என்ன நோய்?”

“நோய் இல்ல. ஆனா நம்ம ஒப்பந்தம் ஞாபகம் இருக்குல்ல? கண்ணோ காலோ, எது முதல்ல போகுதோ அன்னைக்கு நீங்க வந்துடணும். வாக்குக் கொடுத்திருக்கீங்க.”

கொடுத்திருக்கிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன், குளியலறையில் வழுக்கி விழுந்தபோது, வலியில் கொடுத்த வாக்கு. கால் உறுதியாக இருக்கிறது என்று சொன்னேன். வாசல் முதல் மைதானம் வரை தடியின்றி நடக்கிறேன். இரண்டாம் உறுப்பைப் பற்றி அவன் கேட்கவில்லை.

பிப்ரவரி 3

நாளை கூட்டம். என் முடிவு சிவப்பு. உணர்ச்சிவசப்பட்ட காரணம் ஒன்றும் இல்லை. ஒரு செடியைப் பிடுங்கி எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் நடுவதை வளர்ச்சி என்று நான் கற்பித்த எந்தப் பாடநூலும் கூறவில்லை. அவருக்கு வேண்டியது லீக்கில் தாரகைக்கு இருக்கும் இடம். பனந்துறை அந்த இடத்தைச் சுற்றியுள்ள தோல். உரித்துவிட்டுப் பழத்தைத் தின்னும் எண்ணம்.

அட்டைகளை விவிலியத்திலிருந்து எடுத்து வைத்தேன். சிவப்பு அட்டையின் ஒரு மூலையை எலி கடித்துவிட்டது. அதை ஒட்டித் தருகிறேன் என்று கில்தாஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கைப்பையில் விரல் விட்டாலே எது எதுவென்று விளங்கும்.

பிப்ரவரி 4, ஞாயிறு

கூட்டம் பங்கு மன்றத்தில் நடந்தது. ஒன்பது வீட்டாரைத் தவிர மற்றவருக்கு அனுமதியில்லை என்பதால் வியாகுலம் வாசலில் நின்றுவிட்டாள்.

உள்ளே நுழைந்ததும் நிரஞ்சனின் உதவியாளர் ஆளுக்கொரு புதிய அட்டைக் கட்டைக் கையில் கொடுத்தார். பிளாஸ்டிக். வழுவழுப்பு. ஐம்பதாம் ஆண்டை முன்னிட்டு அன்பளிப்பாம். பழைய அட்டைகள் வேண்டாம், எல்லோரிடமும் ஒரே மாதிரி இருப்பதே நியாயம் என்று சிலுவெஸ்தர் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டியிருக்க வேண்டும், மறுப்பு எதுவும் எழவில்லை.

“மேல சிவப்பு, கீழ மஞ்சள்” என்றார் உதவியாளர்.

நல்லது என்றேன். பெயர் அழைக்கும் நேரத்தில் மின்விசிறிக் காற்றில் இரண்டும் கீழே விழுந்தன. சிலுவெஸ்தர் மிகப் பணிவாகக் குனிந்து எடுத்துக் கொடுத்தார். இரண்டையும் தடவினேன். நான்கு மூலைகளும் ஒழுங்காக, கூர்மையாக, ஒன்றைப்போல் ஒன்று.

நான்குக்கு நான்கு. “எமரன்சியா டீச்சர் வீடு” என்றார் கில்தாஸ்.

மேலே இருந்ததைத் தூக்கினேன்.

கைதட்டல் எழுந்தது. நான் எதிர்பார்த்த மூலையிலிருந்து அல்ல.

பிப்ரவரி 5

மஞ்சள். அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

பிப்ரவரி 8

என்னைப் பற்றி இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. ஒன்று, நான் விலைபோய்விட்டேன் என்கிறது. விலை என்னவென்பதில் மட்டும் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு: கோயம்புத்தூரில் ஒரு வீடு என்பது மிகப் பிரபலமான தொகை. மற்றது, படித்தவள், தொலைநோக்கு உள்ளவள், ஊரே பார்க்காததைப் பார்த்தவள் என்று புகழ்கிறது. முதல் கட்சியைப் பொறுத்துக்கொள்ள முடிகிறது.

கில்தாஸ் வந்தார், உட்காரவில்லை.

“ஏன் டீச்சர்? ஒத்த வார்த்த சொல்லுங்க. எதுக்கு அப்பிடிச் செஞ்சிய?”

“காரணம் இருக்கிறது.”

“அதத்தான் கேக்கேன்.”

“எல்லாக் காரணத்தையும் எல்லோருக்கும் சொல்ல வேண்டியதில்லை.”

“உங்க அப்பா இருந்திருந்தா உங்க கைய ஒடிச்சிருப்பாரு” என்றார். போய்விட்டார். அவர் அமர்ந்து தேநீர் குடிக்கும் நாற்காலியில் சற்று நேரம் போய் உட்கார்ந்தேன். வசதியற்ற நாற்காலி. முப்பது ஆண்டுகளாக எப்படித்தான் உட்கார்ந்தாரோ.

பிப்ரவரி 11, ஞாயிறு

மைதானம் பூட்டியிருக்கிறது. புல் விரிக்கிறார்களாம், செயற்கைப் புல். புதிய பெயரில் முதல் ஆட்டம் 25ஆம் தேதி. அதுவரை ஒரு விசிலும் இல்லை.

ஒப்பந்தம் கிடைத்த நால்வரில் ஷாஜின் ஒருவன். வியாகுலத்தின் மகன். இருபத்துநான்கு வயதுவரை, கடலிலேயே நாட்கணக்கில் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் போட்டுக்குப் போய்க் கொச்சிக் கடலில் மாதக்கணக்கில் கிடந்தவன். இனிச் சென்னையில், மாதச் சம்பளத்தில். இனிப்புப் பெட்டியோடு வந்து என் காலில் விழுந்தான்.

“டீச்சர் இல்லன்னா எனக்கு இது நடந்திருக்காது.”

“எழுந்திரு. கிழவியின் காலில் விழுந்தால் கோல்காவலனுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும்.”

நன்றி சொல்ல வருகிறவர்களிடமிருந்து தப்ப ஒரு வீட்டுக்கு எத்தனை கதவுகள் இருந்தாலும் போதாது. இந்த வீட்டுக்கு ஒன்றுதான் இருக்கிறது.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

சாம்பல் இட்டபோது சாமியார், தவக்காலத்தில் ஒலிபெருக்கி வைத்துத் திறப்பு விழாவா என்று என்னிடம் முணுமுணுத்தார். நெற்றியில் விரலை வைத்துக்கொண்டே முணுமுணுத்தார். நிரஞ்சனிடம் கேளுங்கள் என்றேன்.

கோயில் வாசலில் ஒருவர் கைகூப்பியதுபோல் இருந்தது, வணக்கம் என்றேன். சிலுவெஸ்தருக்கு நான் சிரித்த முகத்தோடு வணக்கம் சொன்னதாக மாலைக்குள் ஊர் முழுவதும் பேச்சு. வாய் திறக்காதவர்கள் முன்னே நான் எப்போதும் முட்டாளாகிறேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

பகல் உணவின்போது வியாகுலம் தட்டை வைத்தாள். எது எங்கே இருக்கிறதென்று சொல்லவில்லை. எதிரில் நின்றுகொண்டே இருந்தாள்.

“என்ன?”

“டீச்சர், நீங்க எந்த அட்டய எடுக்க நெனச்சியன்னு எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“எல்லாம் தெரியும். கொஞ்ச வருஷமாவே தெரியும். நீங்க சொல்லல, அதனால நானும் கேக்கல. அண்ணைக்கி வாசல்ல நின்னு கைதட்டலக் கேட்டப்பவே அட்ட மாறிட்டுன்னு நெனச்சேன். பொறவு, எம்பிள்ளைக்கி வேல வந்துது. அதான் வாயத் தொறக்கல. ஆனா அது மீன்முள்ளு மாதிரி இங்கியே நிக்கிது டீச்சர். முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல.”

அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை என்று பதிலளித்தேன். அவள் அழுதாளா என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சினாள். பிறகு என் கையைப் பிடித்துச் சோற்றின் மேல் வைத்தாள்.

சோறு ஆறிவிட்டது.

பிப்ரவரி 21

கணக்கு மிக எளிது. காரணத்தைச் சொல்லி அட்டையைத் திரும்பப் பெறாவிட்டால் தாரகை போய்விடும். நான் இந்த வீட்டில் இருப்பேன், பூட்டிய மைதானத்துக்குப் பக்கத்தில். சொன்னால் தாரகை இருக்கும். நான் கோயம்புத்தூரில் இருப்பேன், நர்ஸ் ஒருத்தி “பாட்டி, சாப்பிட்டீங்களா” என்று காதில் கத்துவாள். ஷாஜின் மறுபடி கொச்சிக் கடலுக்குப் போவான். இரண்டு வழிகளிலும் கதவு வெளியிலிருந்துதான் பூட்டப்படுகிறது.

லெஸ்லி அழைத்தான். திறப்பு விழாவை நேரலையில் பார்க்கப் போகிறானாம். “நீங்க முதல் வரிசையில உக்காருவீங்கல்ல அத்தை? உங்க முகத்தப் பாக்கணும்.”

பிப்ரவரி 24

இன்று அனுமதி பெற்று மைதானத்துக்குள் நடந்து பார்த்தேன். செயற்கைப் புல்லில் கால் வைத்தால் ஓசையே இல்லை. பந்து ஒன்றை உருட்டச் சொன்னேன். உருண்டதாம். மணலில் பந்து விழும்போது ஈர நாளில் ஒரு குரல், வெயில் நாளில் ஒரு குரல். இதற்குக் குரலே கிடையாது.

தாவரவியல் கண்ணோட்டத்தில் இது புல்லே அல்ல. வேறு கண்ணோட்டங்களைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

என் மாணவியர் முடிவைக் கடைசிவரை ஒளித்துவைத்து என் பொறுமையைச் சோதிப்பார்கள். ஆகையால் நடந்து முடிந்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன்.

குமரி ஷார்க்ஸ் இன்று விளையாடவில்லை. ஐந்துக்கு நான்கு என்று கழகம் பனந்துறைக்கே திரும்பியது. நிரஞ்சன் கோபப்படவில்லை. என் அருகில் வந்து குனிந்து, “மேடம், ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தக் கார்டுங்கள நானே மாத்தியிருப்பேனே” என்றார். ஷாஜினுக்குச் சென்னையில் வேறொரு கழகத்தில் தேர்வுக்கு ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார். செய்வார் என்று நினைக்கிறேன். சிலுவெஸ்தர் என்னைத் திட்டிக்கொண்டே போனார், போன வேகத்தில் திரும்பி வந்து நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். லெஸ்லி நான்கு முறை அழைத்தான். ஐந்தாம் முறை எடுத்தேன். செவ்வாய்க்கிழமை கார் வரும். வாக்கு வாக்குதான் என்றேன். மறுமுனையில் அவன் அழுதான். எதற்கென்று எனக்குத் தெரியவில்லை, வென்றவன் அவன்.

இனி, நடந்தது. இரண்டு அணிகளும் நடுவட்டத்தில் நின்றன. ஒலிபெருக்கியில் சுறாவின் இசை. நான் முதல் வரிசையிலிருந்து எழுந்து, கோட்டைத் தாண்டி உள்ளே நடந்தேன். வியாகுலம் பின்னால் வந்தாள். என்னைத் தொடவில்லை, “நேரே, நேரே, கொஞ்சம் கடப்பக்கம்” என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள். கடலின் பக்கம் எது என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடுவரின் மூச்சு கேட்கும் தூரத்தில் நின்று, கைப்பையில் விரல் விட்டு எலி கடித்த மூலையைத் தேடி எடுத்து, தூக்கினேன்.

இசை நின்றது. கில்தாசின் செருப்புச் சத்தம் ஓடி வந்தது.

“டீச்சர், அட்டயத் திருப்பி வாங்குதியளா? அப்பிடின்னா காரணம் சொல்லணும். எல்லாரும் கேக்கச் சொல்லணும். விதி உங்களுக்கும்தான்.”

“ஒலிபெருக்கியைக் கொடுங்கள்.”

கொடுத்தார்கள். பெங்களூரிலும் கேட்டிருக்கும்.

“அன்றைக்குச் சிவப்பு என்று நினைத்துத்தான் மஞ்சளைத் தூக்கினேன்” என்றேன். “யாரும் என்னை வாங்கவில்லை. எனக்குத் தொலைநோக்கும் கிடையாது. இரண்டு கண்களிலும் நடுப்பார்வை போய்விட்டது. நிறம் தெரியாது, முகம் தெரியாது. இப்போது எதிரில் நிற்பது கில்தாஸ் என்பது அவர் செருப்பால்தான் தெரியும். ஐந்து ஆண்டுகளாக அந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த மைதானத்தில் நான் ஒரு பந்தைக்கூடப் பார்த்ததில்லை.”